டீசலை இறக்கி வைப்பது எளிதா?

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் செல்லும் மலைப்பாதையில் நீங்கள் பேருந்தில் போயிருக்கலாம். போகாதவர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள வேறு ஏதாவது ஒரு மலைப்பாதையை நினைத்துக் கொள்ளுங்கள். மேடு தொடங்கியதும் ஓட்டுநர் கியரை மாற்றுகிறார். எஞ்சின் உறுமுகிறது. பின்னால் கரும்புகை கிளம்புகிறது. அந்தப் புகை மலைக்காற்றில் கலந்துவிடுவதால் நாம் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அதே புகையை ஒரு நகரத்தின் தெருக்களில் பத்தாயிரம் வண்டிகள் நாள் முழுதும் கக்கிக் கொண்டிருந்தால் என்ன ஆகும்?

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தது. அப்படியானால் டீசலை விட்டுவிட வேண்டியதுதானே? "வேறு எரிபொருளை ஊற்றிக் கொண்டால் போகிறது, அதில் என்ன கஷ்டம்?" என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள 'ஊற்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். கஷ்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் இருக்கிறது.

டீசலின் உண்மையான பெருமை

டீசல் ஒரு திரவம். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 36 மெகா ஜூல் வெப்ப ஆற்றல் கிடைக்கும். 200 லிட்டர் பிடிக்கும் தொட்டியை ஒரு பேருந்தில் பொருத்தினால் 7,200 மெகா ஜூல் ஆற்றலை அது சுமந்து செல்கிறது. அந்த டீசலின் எடை 170 கிலோகிராமுக்குள் அடங்கிவிடும். தொட்டியோ சாதாரணத் தகரப் பெட்டி. அதற்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. டீசல் நிலையத்தில் குழாயைத் தொட்டியில் செருகி நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். நிமிடத்துக்கு 40 × 36 = 1,440 மெகா ஜூல். இதை 60ஆல் வகுத்தால் விநாடிக்கு 24 மெகா ஜூல், அதாவது 24 மெகாவாட்! ஒரு கையால் பிடித்திருக்கும் அந்த ரப்பர் குழாயின் வழியே, ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய மின்திறனுக்கு ஈடான ஆற்றல் பாய்ந்து கொண்டிருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் தொட்டி நிறைந்துவிடும். பேருந்து 800 கிலோமீட்டர் ஓடும். புகையைப் பார்த்து டீசலைத் திட்டும் நாம் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

டீசலுக்கு மாற்றாக வரும் எந்தப் பொருளும் மூன்று சோதனைகளில் தேற வேண்டியிருக்கிறது. அது வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கும்? அதன் கலம் எவ்வளவு எடை இருக்கும்? அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வண்டிக்கு இவை சிறு தொல்லைகள். ஆயிரம் வண்டிகளுக்கு இவையே ஊரை நிறுத்திவிடும் தொல்லைகளாக மாறுகின்றன.

கரி பஸ்ஸும் டிராம் வண்டியும்

மாற்று எரிபொருள் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல் போகவே, தமிழ்நாட்டுச் சாலைகளில் கரி பஸ்கள் ஓடின. பஸ்ஸின் பின்புறத்தில் ஓர் உயரமான இரும்புக் கொப்பரை இருக்கும். அதில் அடுப்புக்கரியை இட்டு, போதிய காற்று கொடுக்காமல் எரிப்பார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயு உண்டாகும். அந்த வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். காலையில் அடுப்பை மூட்டி, கையால் விசிறியைச் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகளை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

ஏன் தள்ள வேண்டி வந்தது? காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அந்த எரியாத நைட்ரஜன் முழுவதும் கரிவாயுவில் கலந்தே வருகிறது. எனவே எஞ்சினின் உருளைக்குள் ஒவ்வொரு தடவையும் நுழையும் கலவையில் ஆற்றல் குறைவு. பெட்ரோலில் ஓடும்போது கிடைக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் கரி பஸ்ஸை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

சென்னையில் 1895ஆம் ஆண்டு முதல் 1953 வரை ஓடிய மின்சார டிராமின் கதை வேறு. அது எரிபொருளைச் சுமக்கவே இல்லை! தலைக்கு மேல் சென்ற கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக் கொண்டது. இடம், எடை, நேரம் ஆகிய மூன்று சோதனைகளும் அதற்குக் கிடையா. ஆனால் கம்பியும் தண்டவாளமும் இல்லாத தெருவுக்குள் அதனால் நுழைய முடியாது. எங்கும் போகக் கூடிய வண்டி வேண்டுமென்றால் ஆற்றலைக் கூடவே கட்டிக் கொண்டு போகத்தான் வேண்டும்.

டில்லிக்கு வந்த உத்தரவு

ஒரு பெரிய நகரம் தன் பேருந்துகள் அனைத்தையும் டீசலிலிருந்து மாற்றியதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அது தலைநகர் டில்லி. ஆலங்காயத்திலிருந்து வெகு தொலைவுதான். ஆயினும் அங்கே நடந்ததைப் புரிந்து கொள்ள உங்கள் பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும்.

டில்லியின் காற்று மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசைக் கட்டுப்படுத்தும் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளை ஏற்று 1998 ஜூலை 28ஆம் நாள் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2001 மார்ச் 31ஆம் தேதிக்குள் நகரின் எல்லாப் பேருந்துகளும் அழுத்தப்பட்ட இயற்கை வாயுவில் மட்டுமே ஓட வேண்டும். பேருந்துகளின் எண்ணிக்கை 10,000 ஆக உயர வேண்டும். அப்போது 9ஆக இருந்த வாயு நிலையங்களை 2000 மார்ச்சுக்குள் 80 ஆக்க வேண்டும். சி.என்.ஜி. என்று மூன்றெழுத்தில் நாம் சொல்லும் வாயு இதுவே.

ஏன் இந்த வாயு? இதில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட எளிய மூலக்கூறு. டீசலின் நீண்ட கார்பன் சங்கிலிகள் அரைகுறையாக எரிந்து கரித்துகள் ஆவது போல, மீத்தேன் ஆவதில்லை. டீசலிலிருந்த கந்தகமும் இதில் மிகக் குறைவு. இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து விற்பவர்கள் இருந்தார்கள். வாயுவில் அப்படிக் கலப்படம் செய்ய முடியாது. நம் நாட்டு நிலைமை தெரிந்தவர்கள் சொன்ன காரணம் இது!

மூன்று ஆண்டுகள் அவகாசம். ஆனால் பேருந்து உரிமையாளர்கள் தவணை நீளும் என்று காத்திருந்தார்கள். வாயு எங்கே கிடைக்கும் என்பது தெரியாமல் வண்டி வாங்க அவர்கள் தயங்கினார்கள். வண்டிகள் வராமல் நிலையம் அமைத்து என்ன பயன் என்று மறுபக்கம் தயங்கியது. 2001 ஏப்ரல் முதல் வாரத்தில் வாயு வண்டிகளும் போதவில்லை, டீசல் வண்டிகள் பலவற்றுக்கும் அனுமதி இல்லை. நிறுத்தங்களில் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் தவித்தார்கள். கோபம் கொண்ட கூட்டம் சில இடங்களில் பேருந்துகளைத் தாக்கியது. வாயு வண்டிகளுக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் நீதிமன்றம் செப்டம்பர் வரை அவகாசம் தந்திருந்தது. பிறகு அதுவும் நீண்டது.

வரிசை ஏன் நீண்டது?

வண்டிகளைவிடப் பெரிய துன்பம் வாயு நிலையங்களின் முன் இருந்தது. ஆட்டோ ஓட்டுநர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்று வண்டியிலேயே தூங்கினார்கள். நாள் கூலியில் பாதி நேரம் வரிசைக்கே போயிற்று. நிலையங்கள் குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணம் பாயில் விதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதை நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண அழுத்தத்தில் மீத்தேன் மிக மிக இலேசானது. பேருந்து நிறைய அடைத்தாலும் சில மணி நேரம்தான் ஓடும். ஆகவே வளிமண்டல அழுத்தத்தைப் போல் 200 மடங்கு அழுத்தத்தில் எஃகு உருளைகளுக்குள் அதை அடைக்கிறார்கள். அப்படியும் ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 8.5 மெகா ஜூல்தான் அடங்குகிறது. அதாவது டீசலில் கால் பங்குக்கும் குறைவு. நம்முடைய 7,200 மெகா ஜூல் வேண்டுமானால் 850 லிட்டர் கொள்ளளவுள்ள உருளைகள் தேவை. பழைய எஃகு உருளைகள் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையிருக்கும். ஆகவே 170 கிலோ டீசலுக்குப் பதிலாக, உருளையும் வாயுவுமாகச் சேர்ந்து ஒரு டன்னைச் சுமக்க வேண்டும். கூடுதலாக ஏறும் எடை பன்னிரண்டு பயணிகளின் எடைக்குச் சமம். நடைமுறையில் உருளைகளைக் குறைத்துக் கொண்டு, அடிக்கடி நிரப்பிக் கொள்வதென்று முடிவு செய்தார்கள். அடிக்கடி நிரப்புவது என்றால் அடிக்கடி வரிசையில் நிற்பது என்றுதானே பொருள்?

இப்போது நிலையத்துக்கு வாருங்கள். டில்லிக்கு வாயு எங்கிருந்து வந்தது தெரியுமா? பம்பாய்க்கு மேற்கே கடலடியில் கிடைத்த வாயு, குஜராத்தின் ஹஜிராவிலிருந்து வடக்கே செல்லும் நீண்ட குழாய்வழியாக வந்தது. அந்தக் குழாயுடன் நேராக இணைக்கப்பட்டு, பெரிய அமுக்கி எந்திரம் உள்ள நிலையத்துக்குத் 'தாய் நிலையம்' என்று பெயர். குழாய் எட்டாத இடங்களுக்கு, தாய் நிலையத்தில் நிரப்பிய உருளைக் கட்டுகளை லாரியில் ஏற்றிச் சென்று வைத்தார்கள். அவை 'மகள் நிலையங்கள்'. தொடக்கத்தில் பல மகள் நிலையங்களில் அமுக்கி எந்திரம் இல்லை. உருளைக் கட்டில் இருக்கும் அழுத்தமே வாயுவை வண்டிக்குள் தள்ள வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். மகள் நிலையத்தில் 2,000 லிட்டர் கொள்ளளவுள்ள உருளைக் கட்டு 250 வளிமண்டல அழுத்தத்தில் இருக்கிறது. 800 லிட்டர் உருளைகள் காலியாக உள்ள பேருந்து ஒன்று வருகிறது. குழாயை இணைத்தால் இரண்டிலும் அழுத்தம் சமமாகும்வரை வாயு பாயும். வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால் பாயில் விதிப்படி,

250 × 2,000 ÷ 2,800 = 179 வளிமண்டலம்.

முதல் பேருந்து 179இல் கிளம்பிவிட்டது. மோசமில்லை. இரண்டாவது பேருந்து வரும்போது கட்டிலேயே 179தான் இருக்கிறது. அதற்குக் கிடைப்பது 128. மூன்றாவது பேருந்துக்கு 91. அதாவது பாதி கூட நிரம்பவில்லை. பாவம், அந்த ஓட்டுநர் என்ன செய்வார்? பாதி நாளில் வாயு தீர்ந்து மறுபடியும் வரிசைக்கு வருவார். டீசல் நிலையத்தில் வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் முழுத் தொட்டி கிடைக்கும். இங்கே கடைசியில் நிற்பவர் அரை வயிற்றோடு திரும்பி, உடனே மறுபடி பசியோடு வருகிறார். வரிசையே வரிசையை வளர்க்கிறது!

இன்னும் ஒரு தொல்லை. வாயுவை வேகமாக அடைத்தால் உருளைக்குள் வெப்பம் ஏறும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உருளைக்குள் 60 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளவுமானி 200ஐக் காட்டுகிறது, குழாயை எடுத்துவிடுகிறார்கள். வண்டி சிறிது தூரம் போய், வாயு 30 டிகிரிக்குக் குளிர்ந்ததும் அழுத்தம் என்ன? கெல்வினுக்கு மாற்றிக் கொண்டு, 200 × 303 ÷ 333 = 182. நூற்றில் ஒன்பது பங்கு காணாமற் போய்விட்டது. யாரும் ஏமாற்றவில்லை. வாயு முழுதாக நிரம்பவே இல்லை. டில்லியின் மே மாத வெயிலை இத்துடன் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. உருளைக் கட்டை மூன்று பிரிவாக்கி, முதலில் அழுத்தம் குறைந்த பிரிவிலிருந்தும் கடைசியில் அழுத்தம் மிகுந்த பிரிவிலிருந்தும் நிரப்பலாம். மகள் நிலையத்திலும் அமுக்கி எந்திரம் வைக்கலாம். எல்லாவற்றிலும் நல்லது, தரைக்கடியில் குழாயை நீட்டி நிலையத்துக்கே கொண்டு வருவது. 1998 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்திரப்பிரஸ்தா காஸ் நிறுவனம் இவற்றையெல்லாம் படிப்படியாகச் செய்தது. ஆனால் ஒரு நகரத்தின் தெருவைத் தோண்டிக் குழாய் பதிப்பது, ஒரு பேருந்தை வாங்குவதைக் காட்டிலும் அதிக நாள் பிடிக்கும் வேலை. டில்லி கதையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். நீதிமன்றம் வண்டிகளையும் நிலையங்களையும் சேர்த்தே எண்ணியது. நிலையங்களின் எண்ணிக்கையையும் குறித்தது. ஆனால் நிலையங்களை எண்ணினால் போதாது, அவற்றில் இருக்கும் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். அந்தத் தவற்றின் விலையைத் திட்டம் போட்டவர்கள் கொடுக்கவில்லை. வரிசையில் நின்ற ஆட்டோ ஓட்டுநர்கள் கொடுத்தார்கள்.

எஞ்சினையும் மாற்ற வேண்டும்

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினேழு மடங்கு வரை அமுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக் கொள்கிறது. மீத்தேனோ பிடிவாதக்காரி, சுமார் 540 டிகிரி வரை தானாகப் பற்றாது. ஆகவே அமுக்க விகிதத்தைப் பதினொன்று, பன்னிரண்டு என்று குறைத்து, ஸ்பார்க் பிளக் பொருத்தி, பற்றவைக்கும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும். அமுக்க விகிதம் குறைந்தால் எஞ்சினின் பயனுறுதிறனும் குறையும் என்று படித்திருப்பீர்கள். பழைய எஞ்சினை இப்படி மாற்றுவது கைதேர்ந்த பட்டறை செய்ய வேண்டிய வேலை. அவசர அவசரமாக மாற்றிய வண்டிகள் சிலவற்றில் வாயு கசிந்து தீப்பிடித்தது. மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும் என்பது உண்மைதான். ஆயினும் இணைப்பு சரியில்லாவிட்டால் எந்த எரிபொருளும் மன்னிக்காது.

இதற்கிடையே ஒரு வாதமும் நடந்தது. எந்த எரிபொருள் என்று அரசு சொல்லக் கூடாது. புகையில் இவ்வளவுக்கு மேல் மாசு இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்ல வேண்டும். வழியை வண்டி செய்பவர்கள் தேடிக் கொள்ளட்டும் என்றது மஷேல்கர் குழு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அத்தகைய டீசலும் புகை வடிகட்டியும் அன்றே இருந்திருந்தால் டில்லிக் கதை வேறு விதமாகப் போயிருக்கலாம். ஆனால் அன்று அவை இல்லை. குழந்தைகளின் நுரையீரல் இருபது ஆண்டுகள் காத்திருக்க முடியுமா?

நீதிமன்றம் காத்திருக்கவில்லை. 2002 ஏப்ரல் 5ஆம் நாள் அது மிகக் கடுமையான தீர்ப்பொன்றை வழங்கியது. டீசலில் ஓடும் ஒவ்வொரு பேருந்துக்கும் நாளொன்றுக்கு ரூ. 500 அபராதம்; முப்பது நாளுக்குப் பின் ரூ. 1,000. மே மாதம் முதல் மாதந்தோறும் 800 டீசல் பேருந்துகளை நிறுத்த வேண்டும் என்றும் கூறியது. 2002 டிசம்பரில் டில்லியின் கடைசி டீசல் நகரப் பேருந்தும் விடை பெற்றது.

பயன் கிடைத்ததா? கிடைத்தது. பேருந்துகளை மாற்றியதால் காற்றில் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் கந்தக டை ஆக்சைடும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டோக்களை மாற்றியதில் அவ்வளவு பயன் இல்லை. காரணம், அவற்றில் பொருத்திய ஏற்பாடு தரமாக இல்லை. எரிபொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று இது. பின்னர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகி, கிடைத்த பயனைத் தின்றுவிட்டன. அது வேறு கதை.

சென்னையில் மின்சாரப் பேருந்து

சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் பேருந்துகள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றியது. 2022இல் டில்லியும் மின்பேருந்துகளை வாங்கத் தொடங்கியது. நம் சென்னையில் 2025 ஜூன் 30ஆம் நாள் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. புகைக்குழாயே இல்லாத பேருந்து! எஞ்சின் சத்தமும் இல்லை. நம் மூன்று சோதனைகளில் இது எப்படி?

ஒரு கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்றும், 250 யூனிட் கொள்ளும் பாட்டரி இருக்கிறது என்றும் வைத்துக் கொள்வோம். ஒரு தடவை நிரப்பினால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். ஒரு யூனிட் 3.6 மெகா ஜூல். ஆகவே பாட்டரியில் இருப்பது 900 மெகா ஜூல். டீசல் தொட்டியில் எட்டில் ஒரு பங்கு! ஆனால் தூரம் எட்டில் ஒன்றாகக் குறையாமல் காலில் நிற்கிறது, கவனித்தீர்களா? டீசல் எஞ்சின் தனக்குக் கொடுத்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை ரேடியேட்டரிலும் புகையிலும் இழக்கிறது. மின்மோட்டார் பத்தில் ஒரு பங்கு அளவே இழக்கிறது. பாட்டரியின் எடையோ ஒன்றரை டன்னுக்கு மேல். இடத்திலும் எடையிலும் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது சோதனை நேரம். 240 கிலோவாட் தரும் பெரிய மின்னேற்றிகூட 24 மெகாவாட் டீசல் குழாயில் நூற்றில் ஒரு பங்குதான். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே இரவில் பேருந்துகள் உறங்கும்போது மின்னேற்றம் செய்வதே வழி. 120 பேருந்துகளுக்கும் ஒரு நாளுக்கு 240 யூனிட் வீதம் 28,800 யூனிட் வேண்டும். இரவு 11 மணி முதல் காலை 5 மணிவரை ஆறு மணி நேரத்தில் ஏற்றினால் 4,800 கிலோவாட். இரண்டு கிலோவாட் பயன்படுத்தும் வீடுகள் 2,400ஐ ஒரே மதில் சுவருக்குள் வைத்தது போல! தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தாங்காது. உயர் அழுத்த மின்கம்பி வடமும் தனித் துணைமின் நிலையமும் பணிமனைக்கு வர வேண்டும். டில்லியில் வாயுக் குழாய் என்னவோ, சென்னையில் மின்வடம் அதுவே. பேருந்தை வாங்குவதற்கு முன்னால் பணிமனைக்குள் தோண்டத் தொடங்குபவரே கெட்டிக்காரர்.

இந்த மின்சாரத்தை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்துத்தானே உண்டாக்குகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் தெருவில் நடப்பவரின் மூக்கருகே வரும் புகைக்கும், உயரமான புகைபோக்கியில் சாம்பலை வடித்த பின் வெளியேறும் புகைக்கும் வேறுபாடு உண்டு. மேலும், மின்சாரம் எதிலிருந்து வந்தது என்று பேருந்துக்குத் தெரியாது. முப்பந்தல் காற்றாலையிலிருந்து வந்தாலும் ஓடும்.

மலைப்பாதையில் என்ன ஆகும்?

நகரத்தில் சரி. ஆலங்காயம் மலைப்பாதையில் மின்பேருந்து ஏறுமா? பயணிகளோடு 15,000 கிலோகிராம் எடையுள்ள பேருந்து 300 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். நிலை ஆற்றல் = 15,000 × 9.8 × 300 = 44 மெகா ஜூல். அதாவது 12 யூனிட்டுக்குச் சற்று அதிகம். நூற்றுக்கு 35 பயனுறுதிறனுள்ள டீசல் எஞ்சினுக்கு இந்த ஏற்றத்துக்கு மட்டும் மூன்றரை லிட்டர் டீசல் வேண்டும். பாட்டரிக்கு 14 யூனிட் போதும். பெரிய மலைப்பல்ல!

இறங்கும்போது நடப்பதுதான் சுவையானது. டீசல் பேருந்து அந்த 44 மெகா ஜூலையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகக் கொட்டிவிட்டு இறங்குகிறது. அடிவாரத்தில் சக்கரத்தருகே வரும் கருகிய வாடை அந்த வெப்பத்தின் வாடைதான். மின்பேருந்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைத் தடுத்து நிறுத்தும். கொடுத்த ஆற்றலில் பாதியளவாவது பாட்டரிக்குத் திரும்பி வரும். ஒரு சிறு எச்சரிக்கை: மலை உச்சியிலேயே பாட்டரியை முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால், திரும்பி வரும் ஆற்றலுக்கு இடமிருக்காது. பாட்டரியில் கொஞ்சம் காலியிடம் விட்டுத்தான் புறப்பட வேண்டும்.

ஆக, மலை ஒரு தடையன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. பல மலைக் கிராமங்களில் கடைசிப் பேருந்து இரவு அங்கேயே தங்கி, விடியுமுன் புறப்படும். சாமை மூட்டையும் சீத்தாப்பழக் கூடையும் சந்தைக்குப் போவது அதில்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அதுவே வழி. டீசல் பேருந்துக்கு அங்கே ஒரு புளிய மரத்தடி போதும். மின்பேருந்து அங்கே இரவு தங்கினால், அதற்கு நாற்பது கிலோவாட் மின்சாரம் ஆறு மணி நேரமும் அறுபடாமல் வர வேண்டும். மழைக்காற்றில் ஒரு மரக்கிளை கம்பிமேல் விழுந்தால் மறுநாள் காலை பேருந்து இல்லை; பிள்ளைகளுக்கு அன்று பள்ளியும் இல்லை. தேர்வு நாளாக இருந்தால்? நகரத்தில் நூறு வண்டிகளுக்கு ஒரு பெரிய வடம் போடுவதும், மலையில் ஒரே ஒரு வண்டிக்கு நம்பகமான ஒரு சிறிய கம்பி போடுவதும் வேறு வேறு வேலைகள். நகரத்துக்குத் திட்டம் தீட்டுபவர்கள் இரண்டாவதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊரிலேயே இதைச் செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் போய், உங்கள் ஊரில் இரவு தங்கும் பேருந்துகள் எத்தனை, ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று ஓட்டுநர்களிடமும் நடத்துநர்களிடமும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்று கொண்டு, அந்தப் பேருந்துகள் அனைத்துக்கும் ஓரிரவில் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று கணக்கிடுங்கள். பிறகு நிலையத்துக்கு அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் தகட்டை வேலிக்கு வெளியே நின்றே படியுங்கள். அதில் எத்தனை கே.வி.ஏ. என்று எழுதியிருக்கிறது?